தைத்து ஒட்டும் படகு: முதன்முறை கட்டுவோருக்கு

நான் கட்டிய முதல் படகைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். பெரிய படகு ஒன்றுமில்லை. பன்னிரண்டு அடி நீளம், இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடும் தட்டையடிப் படகு. கடல் என்றால் பலம் வேண்டும், பலம் என்றால் கனம் வேண்டும் என்று நினைத்து, கதவு நிலை செய்வதைப் போல அதைச் செய்திருந்தேன். 12 மி.மீ. பிளைவுட், இரண்டடிக்கு ஒரு வங்கு, மூலைக்கு மூலை கட்டை. வங்கு என்பது படகின் விலா எலும்பு. எல்லாம் சேர்ந்து 125 கிலோ வந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணீர் வரை ஆறு பேர் வந்தீர்கள். திரும்பிப் போகும்போதும் இந்த ஆறு பேரும் இருப்பார்களா?" என்று கேட்டார். இருக்கவில்லை.

இரண்டாவது படகும் அதே நீளம், அதே அகலம். எடை 60 கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் நடந்துவிடலாம். இடைப்பட்ட காலத்தில் என் தச்சுவேலை ஒன்றும் மேம்பட்டுவிடவில்லை. படகைப் பற்றிய சில அடிப்படைகள் புரிந்தன, அவ்வளவுதான். அந்த அடிப்படைகளையும், அவற்றுக்குப் பொருந்திவரும், பலகைகளைக் கம்பியால் தைத்து நிறுத்தி மூலைகளைப் பசையால் பிணைக்கும் 'தைத்து ஒட்டும்' முறையையும் இங்கே சொல்கிறேன்.

எவ்வளவு அமிழும்?

படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கி மிதக்கிறது. ஆர்க்கிமிடீஸ் விதி, பள்ளியில் படித்தது. அதை வைத்து ஒரு கணக்குப் போடலாம் என்பதைத்தான் பள்ளியில் யாரும் சொல்வதில்லை.

படகு தண்ணீரில் நிற்கும்போது நீர்மட்டத்தில் அதைக் கிடையாக அறுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டுப்பரப்பு எத்தனை சதுர மீட்டர்? நம் படகு நீர்மட்டத்தில் 3.3 மீட்டர் நீளம், நடுவில் 1 மீட்டர் அகலம். முனைகள் குறுகுவதால் முழுச் செவ்வகம் கிடைக்காது. சுமார் 70 சதவீதம் என்று வைத்தால் 2.3 சதுர மீட்டர். இந்தப் பரப்பு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 23 லிட்டர் தண்ணீர் விலகும். அதாவது, ஏற்றும் ஒவ்வொரு 23 கிலோவுக்கும் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழும். உப்புநீர் சற்றுக் கனமானது என்பதால் கடலில் இதைவிடச் சிறிது குறையும். நம் கணக்குக்கு அது பொருட்டில்லை.

படகு 60 கிலோ, ஆட்கள் இருவர் 130 கிலோ, துடுப்பும் நங்கூரமும் சோற்று மூட்டையும் 20 கிலோ. மொத்தம் 210 கிலோ, ஆகவே சுமார் 9 செ.மீ. அமிழ்வு. என் பழைய படகென்றால் 275 கிலோ, 12 செ.மீ. வேறுபாடு மூன்று சென்டிமீட்டர்தான். தண்ணீர் கனத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நம் முதுகுதான் பொருட்படுத்துகிறது. ஆனால் அந்த மூன்று சென்டிமீட்டரில் வேறொன்று நடந்தது. படகின் பின்முனையான அமரத்தை வெட்டிவிட்டாற்போல் ஒரு தட்டைப் பலகையால் மூடியிருந்தேன். அதன் கீழ்விளிம்பு நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கனத்தால் அது உள்ளே இறங்கிவிட்டது. பலகைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்றுகொண்டே வந்தது. துடுப்புப் போடுகிறவருக்கு யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.

படம் வரையும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாங்கிய வரைபடத்தைக் கொண்டு கட்டினாலும் போடுங்கள். வரைபடக்காரர் மெல்லிய மரத்தை நினைத்து வரைந்திருப்பார். நம் கடையில் கிடைப்பது கனத்த மரமாக இருக்கும்.

ஏன் கவிழ்கிறது?

குளத்தில் மிதக்கும் ஒற்றை மரத்தின்மீது ஏறி நின்று பாருங்கள். மரம் மிதக்கும், நீங்கள் மிதக்க மாட்டீர்கள். உருண்டை மரம் சுழலும்போது தண்ணீருக்குள் இருக்கும் அதன் வடிவம் மாறுவதே இல்லை. ஆகவே அதைத் திருப்பி நிமிர்த்த எந்த விசையும் எழுவதில்லை. அதே மரத்தோடு இன்னும் இரண்டைப் பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள். இப்போது ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து மரம் ஆழ அமிழ்கிறது, அமிழ்ந்த பக்கத்தில் தண்ணீர் கூடுதலாக மேலே தள்ளுகிறது, கட்டு நிமிர்கிறது. கட்டுமரத்தின் சூட்சுமம் இதுதான். ஆங்கிலத்துக்குக் 'கேட்டமரன்' என்று போன இந்தச் சொல் இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. வடிவம் வேறு என்றாலும், அகலத்தால் நிலைநிற்பது என்ற உத்தி இரண்டுக்கும் பொது.

அகலத்துக்கு இதில் இருக்கும் செல்வாக்கு நாம் நினைப்பதைவிட அதிகம். சாய்வை எதிர்க்கும் இந்த விசை அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் அகலப் படகை 1.2 மீட்டராக்கினால் 1.2 ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், விடை 1.73. அகலம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் நிலைப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுகிறது. படகு ஆடுகிறது என்று அடியில் கல் ஏற்றிப் பாடுபடுவதைவிட, வரைபடத்தில் ஒரு சாண் அகலத்தைக் கூட்டுவது நல்லது.

அப்படியானால் இரண்டு மீட்டர் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்தால் துடுப்பு எட்டாது. அகலத் தட்டையடி சிற்றலையிலும் பட்பட் என்று அறையும். இன்னொன்று: மிக அகலமான தட்டைப் படகு ஓர் அளவு வரை அசையாமல் நின்று, அந்த அளவைத் தாண்டியதும் சட்டென்று கவிழும். கவிழ்ந்தபின் தலைகீழாகவும் அதே உறுதியோடு நிற்கும். அந்த உறுதியை யாரும் விரும்புவதில்லை. அதனால்தான் அனுபவமுள்ள கட்டுநர்கள் அடியை ஒரு மீட்டருக்குள் வைத்து, பக்கங்களை வெளிநோக்கிச் சாய்க்கிறார்கள். படகு சாயச் சாய நீர்மட்டத்தில் அகலம் கூடுகிறது, எதிர்ப்பும் கூடுகிறது.

படகில் எழுந்து நிற்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வதன் காரணமும் இங்கேயே இருக்கிறது. அறுபது கிலோ படகில் அறுபத்தைந்து கிலோ மனிதர் எழுந்து நின்றால், மொத்தக் கனத்தின் மையமும் அவரோடு மேலே ஏறிவிடுகிறது. பெரிய கப்பலில் ஓர் ஆள் தூசு. சிறிய படகில் சரக்கே அவர்தான்.

வேகத்தைப் பற்றி ஒரு வரி. திட்டமிட்டு அலைமேல் எழும்பி ஓடும் வடிவமாக இல்லாவிட்டால், சிறிய படகின் வேகத்தை அதன் நீர்மட்ட நீளம் கட்டிப்போடும். நம் படகுக்கு அது மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் அளவு. பெரிய எஞ்சின் மாட்டினால் அலையும் சத்தமும் கூடும்.

கடலைப் பொட்டலமும் கிண்ணமும்

பிளைவுட் ஒரு திசையில் வளையும். இரண்டு திசையில் ஒரே நேரத்தில் வளையாது. ஒரு காகிதத்தை எடுத்துக் கடலைப் பொட்டலம் மடியுங்கள்: அழகாக வரும். அதே காகிதத்தைக் கிண்ணமாக்கப் பாருங்கள்: கசங்கும். பொட்டலமாக வரக்கூடிய வடிவங்களை மட்டும் வைத்துப் படகை வடிவமைத்தால், அதைத் தட்டைப் பலகையிலிருந்து வெட்டி எடுத்துவிடலாம். ஆகவே பலகை வாங்கும் முன் அட்டை வாங்குங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில், திருமண அழைப்பிதழ் அட்டையிலேயே செய்து பார்க்கலாம். அட்டை முரண்டு பிடிக்கும் இடத்தில் பலகையும் முரண்டு பிடிக்கும். அட்டையைக் கசக்கி எறிந்தால் யாருக்கும் நட்டமில்லை.

வளைவுக்கு வேறொரு பயனும் உண்டு. பாக்குமட்டை காய்ந்து தட்டையாகக் கிடக்கும்போது தொளதொளவென்று இருக்கும். அதையே அச்சில் அழுத்தி விளிம்பு வளைத்துத் தட்டாக்கினால் சாம்பார் சோற்றைத் தாங்குகிறது. மட்டையின் தடிமன் கூடவில்லை, வடிவம்தான் மாறியது. 6 மி.மீ. பலகையை வளைத்து இறுக்கி, பக்கத்துப் பலகையோடு ஒரு கோணத்தில் பிணைத்துவிட்டால், அதற்குள் வங்குகளை அடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமல் போகிறது. என் முதல் படகில் நான் வங்குகளுக்குச் செலவழித்த மரமும் நாட்களும் இந்த ஒரு விஷயம் தெரியாததால் வீணானவை.

தையல்

தைத்த படகு இந்தியப் பெருங்கடலுக்குப் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை உடையும் இடத்தைக் கடந்து கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். பலகைக்குப் பலகை தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தவை. ஆணியும் இல்லை, வங்கும் இல்லை. ஆணி அடித்த விறைப்பான ஐரோப்பியப் படகு அந்தக் கரையில் மோதினால் உடைந்தது. மசூலா நெளிந்து கொடுத்தது.

இன்றைய முறையில் தையல் வேறு வேலை செய்கிறது. மசூலாவில் கயிறுதான் படகின் பலம். இங்கே கம்பி வெறும் கைப்பிடி. பசை இறுகும் வரை பலகைகளை இடத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போய்விடும். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த முறை பரவலானது. டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் வந்த மிரர் படகை, ஜாக் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளரும், வீட்டு வேலைகளைத் தொலைக்காட்சியில் கற்றுத்தந்த பேரி பக்னெல்லும் உருவாக்கினார்கள். 3.3 மீட்டர் நீளம், 45 கிலோ எடை, சிவப்புப் பாய். வெட்டிய பலகைகள் பெட்டியில் வரும். வாங்கியவர்கள் வீட்டில் செப்புக் கம்பியால் தைத்து ஒட்டிக்கொண்டார்கள். எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. அவர்களில் பலர் அதற்கு முன் படகு கட்டியவர்கள் அல்லர்.

1980களில் இதே முறை கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துக்கு வந்தது. வள்ளம் குடையப் பெருமரங்கள் கிடைப்பது அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். பெல்ஜியப் பொறியாளர் பியர் ழிலே உள்ளூர் மீனவர்களோடும் கட்டுநர்களோடும் சேர்ந்து, அலை அடிக்கும் கரையில் இறக்கி ஏற்றக்கூடிய பிளைவுட் படகுகளை உருவாக்கினார். பின்னாளில் பைபர் படகுகள் பெரும்பாலான இடங்களைப் பிடித்துக்கொண்டன. ஆனால் தனியாளாக ஒரே ஒரு படகு கட்ட நினைப்பவருக்கு பைபர் ஒத்துவராது. அதற்கு முதலில் ஓர் அச்சு செய்ய வேண்டும். அச்சு செய்வது ஒரு படகு கட்டுவதைவிடப் பெரிய வேலை. ஐம்பது படகு எடுக்கப் போகிறவருக்கு அது கட்டுபடியாகும்.

செய்முறை இவ்வளவுதான். பக்கப் பலகைகளையும் அடிப்பலகையையும் அமரப் பலகையையும் வெட்டுங்கள். கடையில் பலகை எட்டடிதான் என்பதால் இரண்டை நீளவாக்கில் இணைக்க வேண்டியிருக்கும். முனைகளைச் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டுங்கள். தடிமனைப்போல் எட்டு மடங்கு நீளச் சாய்வு, 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு துளைகள் இடுங்கள். செப்புக் கம்பியோ பிளாஸ்டிக் கட்டுப்பட்டையோ கோத்துத் தளர்வாக முறுக்குங்கள். எல்லாம் கோத்தபின் படகின் முன்முனையான அணியத்திலிருந்து தொடங்கி மெல்ல இறுக்கிக்கொண்டே வந்தால், தரையில் கிடந்த பலகைகள் எழுந்து படகாகும். அரை நாளில் நடந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அந்த மகிழ்ச்சியில் ஒட்டத் தொடங்கிவிடாதீர்கள். பின்னால் தள்ளி நின்று, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, படகு முறுக்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இப்போது கம்பியைத் தளர்த்திச் சரிசெய்யலாம். பசை இறுகினால் அந்தக் கோணல் ஆயுளுக்கும் கூட வரும்.

பிறகு உள்மூலைகள். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் கொத்தனார் சிமெண்டை உருட்டி வழித்துவிடுவாரே, அதே வேலை. எப்பாக்ஸியில் (ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர் என இரண்டைக் கலந்து பெறும் பசை) நுண்ணிய மரத்தூளும் சிலிக்காத் தூளும் கலந்து, சரியாமல் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, மூலை நெடுகக் கரண்டியின் பின்புறத்தால் வழிக்க வேண்டும். முதலில் கம்பிகளுக்கு இடையே மட்டும். அது இறுகியதும் கம்பியை எடுத்துவிட்டு முழு நீளத்துக்கும். அதன்மேல் மூன்றங்குலக் கண்ணாடி இழை நாடா. வெளிப்புறத்தில் விளிம்புகளை உருட்டித் தேய்த்து அங்கும் ஒரு நாடா. மூட்டு இப்போது பலகையைவிட வலுவானது. கழிவுத் துண்டு இரண்டை இப்படி ஒட்டி, மறுநாள் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். மூட்டு நிற்க, அதை ஒட்டிய பலகை கிழிய வேண்டும்.

பலகையும் பசையும்

கடையில் 'வாட்டர்புரூஃப்' என்று எதையும் சொல்வார்கள். கேட்க வேண்டியது ஐ.எஸ். 710, கப்பல் தரப் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம். ஐ.எஸ். 303 என்று முத்திரை இருந்தால் அது அலமாரிக்கு. முத்திரையை மட்டும் நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஆகவே ஒரு சிறு துண்டை வாங்கி வந்து நாள் முழுக்கத் தண்ணீரில் கொதிக்க வையுங்கள், காய வையுங்கள், மறுபடியும் கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் கடையை மாற்றுங்கள். விளிம்பைப் பார்த்தால் உள்ளடுக்குகளில் இடைவெளி தெரியும். பரப்பை நாணயத்தால் தட்டினால் பொள்ளலான இடம் வேறு ஓசை தரும்.

எடையையும் கேளுங்கள். நம் ஊர்க் கடின மரப் பிளைவுட் கன மீட்டருக்கு 700 கிலோ அளவில் இருக்கும். எட்டுக்கு நான்கு அடி, 6 மி.மீ. பலகை ஒன்று பன்னிரண்டரைக் கிலோ. ஆப்பிரிக்க ஒக்கூமே மரத்தில், பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தில் செய்த பலகை எட்டரை, ஒன்பது கிலோதான் இருக்கும். விலை வலிக்கும். முதல் படகுக்கு உள்ளூர்ப் பலகை போதும் என்பது என் கருத்து.

பசையில் ஒரு பொறி இருக்கிறது. கடற்கரைப் பட்டறைகளில் பைபர் வேலைக்குப் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின். அது மலிவு. ஆனால் மரத்தை நன்றாகப் பற்றாது. சில ஆண்டுகளில் கண்ணாடி இழை தோலாக உரிந்து வரும், உரிந்த இடத்துக்குள் தண்ணீர் தேங்கும். மரத்துக்கு எப்பாக்ஸியே சரி. பாலியெஸ்டரில் கை பழகியவர் எப்பாக்ஸியையும் அப்படியே நினைத்து, சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவார். பாலியெஸ்டரில் அது நடக்கும். அங்கே ஊற்றுவது வேதிவினையைத் தூண்டும் சில துளிகள். எப்பாக்ஸியில் ஹார்டனர் பசையின் உடலிலேயே ஒரு பகுதி. ரெசினும் ஹார்டனரும் சொன்ன விகிதத்தில் கைகோக்க வேண்டும். ஒன்று மிஞ்சினால் அது மிச்சமாகவே நின்று, படகு மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். தராசு வைத்து அளந்து கலக்குங்கள்.

நம் வெயிலில் இன்னொரு தொல்லை. கலந்த எப்பாக்ஸி தானே சூடாகும். ஆழமான டப்பாவில் அரை லிட்டர் கலந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது டப்பா புகைந்துகொண்டிருக்கும். சிறிது சிறிதாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு முதல் பூச்சு கொடுப்பது மாலையில். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ்களாக வெளியே வரும். மாலையில் மரம் குளிர்வதால் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை பற்றிக்கொண்டால் போகாது.

உப்புத் தண்ணீரா, மழைத் தண்ணீரா?

மரப்படகை அழிப்பது கடல் என்று நினைக்கிறோம். கப்பல் புழு இருக்கும் நீரில் பூச்சில்லாத மரத்தை மாதக்கணக்கில் விட்டால் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கரையேறிக் காயும் படகைப் புழு தொடுவதில்லை. பூஞ்சைக்கு உப்பும் பிடிப்பதில்லை. சிறிய படகைக் கொல்வது பெரும்பாலும் உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர். அதனால் படகைக் கவிழ்த்து, தரை படாமல் இரண்டு கட்டைமேல் வையுங்கள். பலகையின் வெட்டு விளிம்புகள் உறிஞ்சுகுழல் போல நீரைக் குடிக்கும். அவற்றுக்கு மூன்று பூச்சு எப்பாக்ஸி. திருகாணி போகும் இடத்தில் துளையைப் பெரிதாக்கி, எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் மறுபடி துளையிட்டுப் பூட்டுங்கள். வெயில் எப்பாக்ஸியைத் தின்னும் என்பதால் மேலே பெயிண்ட் கட்டாயம். வெளிர் நிறம் நல்லது. கரும் நிறம் நம் பகலில் அடுப்பாகிவிடும்.

அணியத்திலும் அமரத்திலும் இருக்கைக்குக் கீழே காற்றுப்புகாத அறைகள் வேண்டும். இரண்டும் சேர்ந்து இருநூறு லிட்டர் இருந்தால், படகு நிரம்பினாலும் மூழ்காமல் உங்களைத் தாங்கும். தாங்கும் என்று நம்பிப் போகாமல் சோதித்துப் பாருங்கள். முதல் நாளே, காற்றில்லாத காயலில், இடுப்பளவுத் தண்ணீரில், உயிர்காப்பு அங்கி அணிந்துகொண்டு, படகை வேண்டுமென்றே நிரப்புங்கள். விளிம்பு நீருக்கு மேலே நிற்கிறதா, உள்ளே உட்கார்ந்து வாளியால் இறைக்க முடிகிறதா, கவிழ்த்தால் இருவராக நிமிர்த்த முடிகிறதா என்று பாருங்கள். கரையில் கூட்டம் சேரும், சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மழைநீர் வடிய அமரப் பலகையின் அடியில் ஒரு துளையும் அதற்கு ஒரு தக்கையும் வைப்போம். தக்கையை மறந்துவிட்டுப் படகை இறக்காத கட்டுநரை நான் இதுவரை சந்தித்ததில்லை. என்னுடையதை ஒரு கயிற்றில் கோத்துத் துடுப்பின் கழுத்தில் கட்டி வைத்திருக்கிறேன்.